விடிந்தால் ஞாயிறு: ஏஜென்ட்டுக்கு ஒரு பேஸ்பால் அட்டவணை டூல்

ஒருவழியாக ஓடுகிறது. ஏற்காட்டில் ஒரு பள்ளியின் பிடி மாஸ்டர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெலிகிராமில் "நாளைக்கும் ஞாயித்துக்கிழமையும் காலைல என்ன மேட்ச்?" என்று கேட்கிறார். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டங்கள் நம்ம ஊர் நேரத்தில், கிழமையோடு, பட்டியலாக வந்து விழுகின்றன. அதை அப்படியே விடுதி வார்டனுக்கு அனுப்பி, டிவி அறையைத் திறக்க அனுமதி வாங்கிவிடுகிறார். பின்னால் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில் என் மேஜை மேல் கிடக்கும் ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் (இனி சுருக்கமாக "பை"), அதில் ஓடும் ஒரு சின்ன ஏஜென்ட் (கேள்வியைப் படித்து ஏஐ மாடலின் உதவியோடு பதில் சொல்லும் புரோகிராம்), அந்த ஏஜென்ட் அட்டவணை பார்க்கக் கூப்பிடும் ஒரு டூல் (ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்து தரும் துணைப் புரோகிராம்). இந்தப் பதிவு அந்த டூலைப் பற்றியது. இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்கு எந்த இடத்தில் நேரம் போகும் என்று தெரிந்தால் நல்லது என்பதற்காக வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மாஸ்டரின் பேஸ்பால் டீமில் பெரும்பாலும் விடுதிப் பிள்ளைகள். மட்டையும் கையுறையும் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் பெரிய ஆட்டம் ஒன்றை முதல் இன்னிங்ஸிலிருந்து கடைசி வரை பார்த்தவர்கள் குறைவு. கேட்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) எப்படி உட்கார்ந்து எழுகிறார், பந்து மட்டையில் படும் முன்பே ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) எந்தப் பக்கம் கால் வைக்கிறார் என்பதையெல்லாம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, பார்த்தால்தான் வரும் என்பது அவர் கட்சி. நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். பனி இறங்கியிருக்கும் காலைகளில் மலை மைதானத்தில் எதிர்ப்பக்க ஆள் தெரிய மாட்டார், பந்து எங்கே தெரியும்? பயிற்சி தொடங்க எட்டு மணி ஆகிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் ராத்திரி ஆட்டங்கள் நடக்கின்றன.

அங்கே கோடைக்கால நேரம் இருக்கும் மாதங்களில் நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், லாஸ் ஏஞ்சலஸ் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். நியூயார்க்கில் இரவு 7:05-க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடியற்காலை 4:35. அதற்குப் பிள்ளைகளை எழுப்ப எந்த வார்டனும் விடமாட்டார். சிகாகோவின் 7:05 இங்கே 5:35. சான் டியாகோவின் 6:40 காலை 7:10, லாஸ் ஏஞ்சலஸின் 7:10 காலை 7:40. ஆக மலைமேல் காலையில் பார்க்க வாகானவை மேற்குக் கரை அணிகள்: டாட்ஜர்ஸ், பாட்ரெஸ், ஜயன்ட்ஸ், மாரினர்ஸ். நம்ம சனி, ஞாயிறு காலைகள் அங்கே வெள்ளி, சனி ராத்திரி என்பதால் ஆட்டங்களும் நிறைய. மாஸ்டருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காலை 5 மணியிலிருந்து 9 மணிக்குள் தொடங்கும் ஆட்டம் எது?

முதலில் டூல் எதுவும் இல்லாமல் மாடலிடமே கேட்டுப் பார்த்தோம். அணிகள், நேரம், மைதானம் என்று எல்லாவற்றையும் அடித்துச் சொன்னது. லீக்கின் அட்டவணையோடு ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தவில்லை. மாடலுக்குத் தெரிந்தது அதற்குப் படிக்கக் கொடுத்த காலத்து உலகம். 2025-இல் அத்லெட்டிக்ஸ் அணி ஓக்லாந்தை விட்டு சாக்ரமெண்டோ பக்கம் சட்டர் ஹெல்த் பார்க்குக்குப் போய்விட்டது. தாம்பா பே ரேஸ் அணியின் டிராபிகானா ஃபீல்டு கூரையை 2024 அக்டோபரில் மில்டன் புயல் கிழித்துவிட்டதால், அவர்களும் அடுத்த சீசன் முழுக்க ஸ்டெய்ன்ப்ரென்னர் ஃபீல்டில் ஆடினார்கள். மாடல் இரண்டு அணிகளையும் பழைய மைதானங்களிலேயே உட்கார வைத்திருந்தது.

அடுத்து, இணையத் தேடல் வசதியை ஏஜென்ட்டுக்குக் கொடுத்தோம். கொஞ்சம் தேவலை. ஆனால் தேடலில் வரும் பக்கங்கள் எல்லாம் அமெரிக்கக் கிழக்கு நேரத்தில் இருக்கும். சிலவற்றில் ஆண்டே இருக்காது. போன வருஷத்து அட்டவணையை எடுத்து இந்த வருஷத்துக்குப் பதில் சொன்னதும் நடந்தது. அங்கேதான் தனி டூல் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

தரவுக்கு அலையவே வேண்டாம். மேஜர் லீக்கின் ஸ்டேட்ஸ் ஏபிஐ, அதாவது புரோகிராம்கள் நேரடியாகத் தரவு கேட்டு வாங்கும் வாசல், திறந்தே இருக்கிறது. சாவி கிடையாது, பதிவு கிடையாது. அட்டவணை முகவரியில் விளையாட்டு எண் 1 என்றும் ஒரு தேதியும் கொடுத்தால் அன்றைய ஆட்டங்கள் எல்லாம் ஜேசான் என்ற தரவு வடிவத்தில் வரும். அணி எண் கொடுத்தால் அந்த அணி மட்டும்: டாட்ஜர்ஸ் 119, யாங்கீஸ் 147, கப்ஸ் 112. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று ஒரு இடைவெளியும் கேட்கலாம். ஒவ்வொரு பதிலின் தலையிலும் ஒரு காப்புரிமை வரி இருக்கிறது. அது சுட்டும் விதிமுறையில், தனிநபர், வணிகமல்லாத, மொத்தமாக அள்ளாத பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி என்று போட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகு கேஷ் (ஒருமுறை வாங்கியதைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) வைப்பது என் முதல் வேலைகளில் ஒன்றானது. முடிந்துபோன ஆட்டங்களை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன். வரப்போகும் தேதிகளுக்கு ஆறு மணி நேரம், அன்றைய தேதிக்கு இரண்டு நிமிடம். ஒரு பள்ளிக்காக ஓடும் டூல் அடுத்தவர் சர்வரைப் போட்டு இடிக்கக் கூடாது.

ஏஜென்ட்டோடு இணைக்க எம்சிபி, அதாவது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்; ஏஜென்ட்டும் டூலும் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறை. பைத்தான் மொழியில் அதற்கான எஸ்டிகே (தயார்நிலை நிரல் தொகுப்பு) இருக்கிறது. சாதாரண ஃபங்ஷன் ஒன்றை எழுதி மேலே டெக்கரேட்டர் என்ற ஒரு குறி வரியைப் போட்டால் அது டூல் ஆகிவிடும். ஃபங்ஷனுக்குள் எழுதும் விளக்க வரிகளைத்தான் மாடல் படித்து எப்போது கூப்பிடுவது என்று முடிவு செய்யும். ஏஜென்ட்டும் டூலும் ஒரே பையில் ஓடுவதால் நெட்வொர்க் எதுவும் வேண்டாம். எஸ்டிடிஐஓ, அதாவது புரோகிராமின் வழக்கமான உள்ளீடு, வெளியீடு வழியிலேயே பேசிக்கொள்கின்றன. அந்த வழியில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டூலின் வழக்கமான வெளியீட்டில் புரோட்டோகால் செய்திகளைத் தவிர வேறு ஒரு எழுத்துகூட வரக்கூடாது. சோதனைக்காகப் போட்ட ஒரு பிரிண்ட் வரி உள்ளே இருந்துவிட்டால் இணைப்பு காரணமே சொல்லாமல் அறுந்துபோகும். லாக் (ஓட்டக் குறிப்பு) எல்லாவற்றையும் ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வெளியீட்டின் பக்கம் திருப்பிவிட்டேன். எம்சிபி இன்ஸ்பெக்டர் என்ற சோதனைக் கருவி இந்த இடத்தில் ரொம்ப உதவியது. மாடல் இல்லாமலேயே டூலைக் கூப்பிட்டுப் பார்க்கலாம், பைசா செலவில்லை.

முதல் வடிவத்தில் ஏபிஐ கொடுத்த ஜேசானை அப்படியே ஏஜென்ட் கையில் கொடுத்தேன். இது தவறான வழி. பதினைந்து ஆட்டம் இருக்கும் நாளில் இருபது முப்பது கேபி தேவையில்லாத விவரம். மாடல் படிப்பதை டோக்கன் என்ற சின்னத் துண்டுகளாக எண்ணித்தான் காசு, அத்தனைக்கும் கட்ட வேண்டும். காசைவிடப் பெரிய சிக்கல் நேரம். ஏபிஐயில் ஆட்ட நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) இருக்கும். மாடல் அதை இந்திய நேரமாகத் தானே மாற்றப் போனது. மணியைப் பெரும்பாலும் சரியாகவே கூட்டியது. தேதி மாறும் இடத்தில் வழுக்கியது. லாஸ் ஏஞ்சலஸில் ஜூலை 4 இரவு 7:10-க்கு நடக்கும் ஆட்டத்துக்கு ஏபிஐயில் அதிகாரபூர்வத் தேதி ஜூலை 4, யூடிசி நேரம் ஜூலை 5 அதிகாலை 2:10. இரண்டு தேதியும் ஒரே ஆட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மாடல் முதலாவதிலிருந்து தேதியையும் இரண்டாவதிலிருந்து மணியையும் எடுத்து, ஜூலை 4 காலை 7:40 என்றது. ஒரு நாள் முன்னால்.

இந்த வேலையில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான்: ஏஜென்ட்டிடம் எந்தக் கணக்கையும் விடக்கூடாது. தேதி, கிழமை, மணி எல்லாவற்றையும் டூலே போட்டு முடித்து, அப்படியே வாசிக்கக்கூடிய வரியாகக் கொடுக்க வேண்டும். ஏஜென்ட் அதை எடுத்து நீட்டினால் போதும். அதற்குப் பிறகு எழுதியவை எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தவை.

நேரம் மாற்றுவது எளிது. அமெரிக்கக் கோடைக்கால நேரம் எப்போது தொடங்குகிறது, அரிசோனாவில் மட்டும் ஏன் அது இல்லை என்ற தலைவலிக்குள் போகவே வேண்டாம். யூடிசியை எடு, ஐந்தரை மணி நேரம் கூட்டு, முடிந்தது. மைதானத்து உள்ளூர் நேரத்தையும் காட்ட விரும்பியதால் அதற்கு மட்டும் பைத்தானின் ஸோன்இன்ஃபோ என்ற நேர மண்டல வசதியைப் பயன்படுத்தினேன். விண்டோஸ் லேப்டாப்பில் எழுதுகிறவர்கள் டிஇசட்டேட்டா பேக்கேஜையும் சேர்த்து நிறுவ வேண்டும். விண்டோஸில் அந்த நேர மண்டலப் பட்டியல் இருக்காது. பையில் லினக்ஸ் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

எந்தத் தேதியைக் கேட்பது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. ஏபிஐயிடம் ஜூலை 5 என்று கேட்டால் அமெரிக்காவின் ஜூலை 5 வரும். சேலத்தின் ஜூலை 5 என்பது ஜூலை 4 யூடிசி மாலை 6:30-இலிருந்து ஜூலை 5 மாலை 6:30 வரை. ஆகவே எந்த இந்தியத் தேதிக்கும் முந்தின நாளையும் அந்த நாளையும் சேர்த்து வாங்கி, ஆட்டத் தொடக்கம் அந்த இருபத்து நான்கு மணிக்குள் விழுகிறதா என்று வடிகட்டுகிறேன். 2025 மார்ச் 18-இல் டோக்கியோ டோமில் டாட்ஜர்ஸ், கப்ஸ் ஆடிய முதல் ஆட்டத்தை வைத்துச் சரிபார்த்தேன்: ஜப்பான் நேரம் இரவு 7:10, நமக்கு அதே நாள் மாலை 3:40. சரியாக வந்தது. அமெரிக்காவை மட்டும் மனதில் வைத்து "எப்போதும் ஒரு நாள் கூட்டு" என்று எழுதியிருந்தால் இந்த ஆட்டம் மார்ச் 19-க்குப் போயிருக்கும்.

நடுராத்திரியைத் தாண்டும் ஆட்டங்களைச் சொல்வதில் மாஸ்டர் ஒரு திருத்தம் கொடுத்தார். கிழக்குக் கரையில் சனிக்கிழமை மதியம் 2:35 ஆட்டம் நமக்கு ஞாயிறு 12:05. டூல் "ஞாயிறு, 12:05" என்று எழுத, அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று எடுத்துக்கொண்டார். "தம்பி, கோயில் நோட்டீஸ்ல போடுவாங்கல்ல, சனி இரவு, விடிந்தால் ஞாயிறுன்னு. அப்படிப் போட்ருங்க" என்றார். போட்டுவிட்டேன். இரவு 12 முதல் 3 மணிக்குள் விழும் ஆட்டங்கள் எல்லாம் இப்போது "சனி இரவு 12:05, விடிந்தால் ஞாயிறு" என்று வருகின்றன. அதன்பிறகு அந்தக் குழப்பம் வரவே இல்லை. டூலின் வெளியீட்டை ஆங்கிலத்தில் வைத்து மாடலை மொழிபெயர்க்க விட்டிருந்தால் இப்படி ஒரு வரி கிடைத்திருக்காது. தமிழில் பதில் வேண்டுமென்றால் டூலே தமிழில் எழுதட்டும்.

"இன்று", "நாளை" அடுத்த கண்டம். ஏஜென்ட்டுக்கு இன்று என்ன தேதி என்றே தெரியாது. இன்றைய தேதியைச் சொல்லும் தனி டூல் ஒன்று வைத்தேன். மாடல் சில சமயம் அதைக் கூப்பிட்டது, பல சமயம் தானே ஒரு தேதியை வைத்துக்கொண்டது. அந்த டூலைத் தூக்கிவிட்டு, அட்டவணை டூலின் தேதி இடத்திலேயே "இன்று", "நாளை", "ஞாயிறு" போன்ற சொற்களை ஏற்கும்படி மாற்றினேன். கணக்கு டூலுக்குள். கூடவே, எந்தப் பதிலானாலும் முதல் வரியில் சேலத்தின் இப்போதைய நாளும் நேரமும் இருக்கும். இரண்டாவது வரியில் எந்த நேர இடைவெளியைத் தேடியது என்று இருக்கும். ஒரு பதிலை இங்கே காட்டுகிறேன்:

இப்போது சேலத்தில்: வெள்ளி, 31 அக்டோபர் 2025, மாலை 6:12
தேடியது: ஞாயிறு, 2 நவம்பர், காலை 5:00 முதல் 9:00 வரை
ஞாயிறு காலை 5:30 | டாட்ஜர்ஸ் எதிர் புளூ ஜேஸ் | ரோஜர்ஸ் சென்டர், டொரோண்டோ | அங்கே சனி இரவு 8:00 | தேவைப்பட்டால் மட்டும்

கடைசி ஒட்டு எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் கடிகாரம்.

ஒரு மழை ராத்திரியில் போன கரண்ட் மறுநாள் காலையில்தான் வந்தது. பை எழுந்தது, ரவுட்டர் எழுந்தது, டெலிகிராமில் காத்திருந்த மாஸ்டரின் கேள்விக்கு ஏஜென்ட் உடனே பதில் போட்டது, முந்தின நாள் தேதிக்கு. கோடில் தேடினேன், டைம்ஸோனில் தேடினேன், ஒன்றும் இல்லை. லாகில் நேரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ராஸ்பெரி பை 4-இல் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இன்டர்நெட் கிடைத்து நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் கேட்ட பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். அந்த இடைவெளிக்குள் கேள்வி வந்து விழுந்துவிட்டது.

இரண்டு காரியம் செய்தேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில், நேரம் ஒத்திசைந்த பிறகே ஏஜென்ட் தொடங்கும்படி டைம் வெயிட் சிங்க் சேவையை இயக்கி, என் சேவையை அதற்குப் பின்னால் நிறுத்தினேன். இது மட்டுமே போதும் என்று சொல்லலாம். இருந்தாலும் மனசு கேட்காமல் டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை 180 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிப் பொருத்தினேன். பையில் நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு ஊசிகளில் (பின்) 1, 3, 5, 7, 9 மேல் நேராக உட்காரும் சின்ன வகை. கான்ஃபிக் கோப்பில் கடிகார மாட்யூலைப் பைக்கு அறிமுகப்படுத்தும் ஐ2சி ஆர்டிசி ஓவர்லே வரியைச் சேர்த்து ரீபூட் செய்து, ஐ2சி டிடெக்ட் கட்டளையை ஓட்டினால் 68 என்ற முகவரியின் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் யு யு என்று இரண்டு எழுத்து தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். பெரிய நாணய பேட்டரி போடும் நீல நிற மாட்யூலை வாங்குகிறவர்கள் கவனம்: அவற்றில் பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது. சார்ஜ் ஆகாத சிஆர்2032-ஐ அதில் போடக்கூடாது.

தள்ளிவைக்கப்பட்ட ஆட்டங்கள் வந்தபோது மறுபடி வேலை. ஏபிஐயில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தனி எண் உண்டு. ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றை எறிந்துவிடலாம் என்று முதலில் எழுதியிருந்தேன். மழையால் தள்ளிப்போன ஆட்டம் பழைய தேதியிலும் "போஸ்ட்போன்ட்" என்ற நிலையோடு இருக்கும், புதிய தேதியிலும் அதே எண்ணோடு இருக்கும். முதலில் வருவதை வைத்துக்கொண்டதால் நடக்கப்போகும் ஆட்டம் காணாமல் போய், நடக்காத ஆட்டம் பட்டியலில் நின்றது. இப்போது எண்ணையும் தேதியையும் சேர்த்துத்தான் ஒரு பதிவு. தள்ளிப்போனது என்றால் "மழையால் தள்ளிப்போனது, புதிய தேதி இது" என்று வரி மாறும். இதைவிடச் சிக்கலானது பாதியில் நிறுத்தி மறுநாள் தொடரும் ஆட்டம். 2025 ஆகஸ்ட் 2-இல் பிரிஸ்டல் கார் ரேஸ் மைதானத்தில் பிரேவ்ஸும் ரெட்ஸும் ஆடியது அப்படித்தான். மழையில் முதல் இன்னிங்ஸோடு நின்று மறுநாள் முடிந்தது. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் இருந்தால் டபுள்ஹெடர் குறியீடும் ஆட்ட எண்ணும் வரும். அதையும் "முதல் ஆட்டம்", "இரண்டாம் ஆட்டம்" என்று எழுதிக் காட்டுகிறேன். இரண்டாவது ஆட்டத்தின் நேரம் முதலாவது முடிவதைப் பொறுத்தது. நேரம் முடிவாகவில்லை என்று ஏபிஐயே தனிக் கொடி ஒன்றை உயர்த்தும். அந்தக் கொடி இருந்தால் பக்கத்தில் இருக்கும் மணியை நம்பக்கூடாது, அது ஒப்புக்குப் போட்டது. டூல் மணியை மறைத்து "நேரம் பிறகு" என்று மட்டும் சொல்லும்.

அணிப் பெயரில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் போனது. மாஸ்டர் டாட்ஜர்ஸ் என்பார், பையன்கள் டோட்ஜர்ஸ் என்று அடிப்பார்கள். முப்பது அணிகளுக்கும் தமிழ் எழுத்தில் வழங்கக்கூடிய பெயர்களை ஒரு கோப்பில் கையால் எழுதி வைத்தேன். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் சிக்கல்: நியூயார்க்குக்கு இரண்டு அணி, சிகாகோவுக்கு இரண்டு, லாஸ் ஏஞ்சலஸுக்கு இரண்டு. சாக்ஸ் என்றால் பாஸ்டனின் ரெட் சாக்ஸா, சிகாகோவின் ஒயிட் சாக்ஸா? டூல் தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. இரண்டு பெயரையும் கொடுத்து "எது என்று கேள்" என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும். இந்த இடத்தில் மாடல் நன்றாக நடந்துகொள்கிறது, பணிவாகக் கேட்கிறது.

ஆட்டம் இல்லை என்பதும், அட்டவணையை எடுக்க முடியவில்லை என்பதும் வேறு வேறு என்பதை டூல் உரக்கச் சொல்ல வேண்டும். இன்டர்நெட் இல்லாதபோது வெறும் பட்டியல் திரும்ப வந்தது. ஏஜென்ட் அதைப் பார்த்து "நாளை ஆட்டம் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டது. மாஸ்டர் வார்டனிடம் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு ஒரு காலை போனது எனக்கு வருத்தம்தான். இப்போது தோல்வி என்றால் "அட்டவணையை எடுக்க முடியவில்லை, ஆட்டம் உண்டா இல்லையா என்று சொல்லாதே" என்று நேரடியாக ஏஜென்ட்டுக்கு உத்தரவு போகிறது. உண்மையிலேயே ஆட்டம் இல்லாத நாளைச் சோதிக்க ஆல்-ஸ்டார் இடைவேளை (நட்சத்திர வீரர்களின் ஒரு ஆட்டத்துக்காக லீக் நிற்கும் நாட்கள்) கைகொடுத்தது. 2025-இல் அந்த ஆட்டம் அட்லாண்டாவில் ஜூலை 15 இரவு. அதற்கு முந்தின நாளும் அடுத்த நாளும் லீக் ஆட்டம் கிடையாது. நம்ம தேதியில் ஜூலை 15 காலை காலி, 16 காலையில் ஒன்றே ஒன்று, 17 காலை காலி. டூல் மூன்றையும் சரியாகச் சொன்னது.

அக்டோபரில் பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டத் தொடர்கள்) வந்ததும் பட்டியலில் நடக்காமல் போகக்கூடிய ஆட்டங்கள் சேர்ந்துகொண்டன. ஏழு ஆட்டத் தொடரில் நான்கு வென்றால் முடிந்தது. ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் "தேவைப்பட்டால்". ஏபிஐயில் அதற்கு ஒரு குறி இருக்கிறது. அதைப் படித்து வரியின் கடைசியில் ஒட்ட வைத்தேன். மேலே காட்டிய பதில் அவற்றில் இறுதியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்துக்கானது. வெள்ளிக்கிழமை மாலை நிலவரப்படி புளூ ஜேஸ் 3, டாட்ஜர்ஸ் 2. மாஸ்டர் அந்த ஒட்டைப் படித்துவிட்டு வார்டனிடம் "சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் சொல்றேங்க" என்று மட்டும் சொல்லி வைத்தார். சனிக்கிழமை டாட்ஜர்ஸ் வென்றது. ஞாயிறு காலை பிள்ளைகள் ஏழாவது ஆட்டத்தைப் பார்த்தார்கள். பதினோரு இன்னிங்ஸ் வரை போய் டாட்ஜர்ஸ் 5-4.

ஆட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்ற கேள்விக்கு மட்டும் டூல் பதில் தராது, தரவும் விடமாட்டேன். வார்டன் அதைத்தான் முதலில் கேட்டார், காலை உணவு நேரத்துக்காக. பந்து வீச இத்தனை நொடிதான் என்று கட்டுப்படுத்தும் பிட்ச் கிளாக் 2023-இல் வந்த பிறகு ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. அந்தச் சராசரியைக் கூட்டி முடிவு நேரம் போடும் வரியை ஒரு கட்டத்தில் எழுதியும் வைத்திருந்தேன். உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் செவ்வாய் காலை ஐந்தரைக்குத் தொடங்கி பதினெட்டு இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம் ஓடி, இங்கே மதியம் பன்னிரண்டைத் தாண்டி முடிந்தது. பேஸ்பாலுக்கு முடிவு மணி கிடையாது. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

செலவு. பை 4 ஏற்கெனவே கையில் இருந்தது. புது எஸ்டி கார்டு 550 ரூபாய், கடிகார மாட்யூல் 180. கரண்ட் மாதம் நாலு யூனிட்டுக்குள். மாடலுக்கான கட்டணம் மாதம் 150 ரூபாய்க்குள் நிற்கிறது. ஜேசானை அப்படியே கொடுத்த காலத்தில் அதைப் போல மூன்று மடங்கு வந்தது. ஏபிஐயில் ஃபீல்ட்ஸ் என்ற வசதியால் வேண்டிய விவரங்களை மட்டும் கேட்டு வாங்குவதால் பதிவிறக்கமும் சுருங்கிவிட்டது. ஏற்காட்டில் சிக்னல் தடுமாறும் நாளிலும் டெலிகிராமில் நாலு வரி எழுத்து போய்ச் சேர்ந்துவிடும், படமாக அனுப்பியிருந்தால் திண்டாட்டம்.

மறுபடி தொடங்கினால் முதலில் எழுதுவது சோதனைக் கோப்பு. டோக்கியோ ஆட்டம், பிரிஸ்டல் ஆட்டம், ஒரு டபுள்ஹெடர், ஆல்-ஸ்டார் வாரம், ஏழாவது ஆட்டம்: இந்த ஐந்தையும் எதிர்பார்க்கும் தமிழ் வரியோடு முதல் நாளே எழுதியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். இரண்டாவது, டூல்களின் எண்ணிக்கை. அணி தேட ஒன்று, தேதிக்கு ஒன்று, மைதானத்துக்கு ஒன்று என்று தொடங்கி, இப்போது ஒரே டூலில் நிற்கிறது. தேதி, நேர இடைவெளி, அணி என்று மூன்று இடங்கள். எதை விட்டாலும் இயல்பாக ஒன்று நிரம்பிக்கொள்ளும். மாடல் தேர்ந்தெடுக்க வேண்டியது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மார்ச்சுக்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களும் அதே விளையாட்டு எண் 1-இல்தான் வருகின்றன, ஆட்ட வகை மட்டும் எஸ் என்று மாறும். இப்போது டூல் அதைப் பிரிக்கவில்லை. மாஸ்டரிடம் அவற்றையும் காட்டவா என்று கேட்டேன். "காட்டுங்க தம்பி, ஆனா பயிற்சி ஆட்டம்னு போட்ருங்க. பெரிய பிளேயர்ஸ் பாதியில வெளிய போயிருவாங்க, பசங்க ஏமாந்துருவாங்க" என்றார். அந்த ஒட்டையும், ஜப்பான் லீக்கின் சனி, ஞாயிறு பகல் ஆட்டங்களையும் சேர்க்க வேண்டும். அங்கே மதியம் 2 மணி நமக்குக் காலை 10:30. பனி விலகி மைதானம் காலியாகக் கிடக்கும் நேரத்தில் பிள்ளைகளை டிவி முன் உட்கார வைக்கலாமா என்பதை மட்டும் அவரே முடிவு செய்யட்டும்.